ஊமை ஜீப்புக்கு எத்தனை வாட்ஸ்?

ஆம்ப்ளிஃபயர் விற்கிறவனுக்கு முதல் எதிரி, அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருக்கும் வாட்ஸ் எண்தான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டில் பதினாறு வருஷமாகக் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறேன். ஜீப் டிரைவர் கந்தசாமி ஒருவர் போதும், என் அனுபவம் மொத்தத்தையும் சொல்லிவிடலாம்.

பெட்டியில் ஆயிரம்

செம்மநத்தத்திலிருந்து காப்பி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிறவர் கந்தசாமி. போட்டிக்கு வந்த இன்னொரு ஜீப்பில் பாட்டு பலமாம், காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் அதில் ஏற ஆரம்பித்துவிட்டார்களாம். பதறிப்போய் வந்தவர், ஆயிரம் வாட்ஸ் என்று போட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆயிரம் ஒரு நொடி மூச்சுப் பிடித்துக் கத்துகிற அளவு, விடாமல் கொடுக்கிற பலம் கீழே பொடி எழுத்தில் ஐம்பது என்று இருக்கிறது, ஸ்பீக்கருக்கு அதைத்தான் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஏனுங்க, பெருசா எழுதியிருக்கறதை உட்டுப்போட்டு, பொடியா எழுதியிருக்கறதை யாருங்க படிப்பாங்க?"

வியாபாரம் போய்விடுமே என்று நானும் மாட்டிக் கொடுத்தேன். தப்பு என்னுடையதுதான்.

கருகிய ஸ்பீக்கர்

பத்தே நாளில் ஸ்பீக்கர் கருகிவிட்டது. பலமில்லாத ஆம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் வைத்தால் ஒலி பிசிறடித்து ஸ்பீக்கரைச் சுட்டுவிடும் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை.

"பலமில்லாதவன் கத்துனா கேக்கறவனுக்குக் கேடுங்களா? எங்கூட்டுல நான் தினமும் கத்தறனுங்க, அவளுக்கு ஒண்ணும் ஆகலீங்களே!"

இறக்கத்தில் கச்சேரி

இந்த முறை புது ஸ்பீக்கருக்குச் சரியான ஆம்ப்ளிஃபயரை நானே தேர்ந்தெடுத்து மாட்டினேன். ஆனால் எஸ்டேட்டுக்கு இறங்கும் சாலையில் கந்தசாமி இஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டுவார் என்பது எனக்குத் தெரியாது. டீசல் மிச்சமாம். உருளும்போதும் பாட்டு, கீழே நிறுத்திவிட்டுப் பெண்கள் பழம் பறிக்கும்போதும் பாட்டு. சாயங்காலம் பேட்டரி செத்துக் கிடந்தது. பாவம், கூடை சுமந்த இடுப்போடு அத்தனை பேரும் மேடேறி நடந்தே ஊர் போனார்கள். மறுநாள் ஒருத்தரும் இவர் வண்டியில் ஏறவில்லை. திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் டிரிப்பை அந்தப் போட்டி ஜீப்புக்கே கொடுத்துவிடுவேன் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார்.

இஞ்சினை நிறுத்தி இறங்கினால் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது, உயிரோடு விளையாடாதீர்கள் என்று சத்தம் போட்டேன்.

"இஞ்சினை அமத்துனாத்தானுங்க பாட்டு சுத்தமாக் கேக்குது!"

ஊமை ஜீப்

இஞ்சின் ஓடினால் மட்டும் பாட்டு ஓடும்படி செய்யலாம் என்று ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி வைத்தேன். அதற்கான சாமான் சேலத்திலிருந்து வர வேண்டும். திங்கட்கிழமை ஊமை வண்டியோடு போகப்போகிறாரே, பிழைப்பு போய்விடுமே என்று எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

புதன்கிழமை, சாமான் வந்துவிட்டதா என்று கேட்கக் கந்தசாமி ஜீப்பைக் கடை முன் நிறுத்தினார். பின்னால் நிற்க இடமில்லாமல் பெண்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பெண்களுக்கெல்லாம் மூத்தவரான பாப்பாத்தியம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"ஏனுங்க கடைக்காரரே, அதைய நீங்களே வெச்சுக்கோங்க, அந்த இன்னொரு ஜீப்புல பாட்டுச் சத்தத்துல எங்க மருமவ சங்கதி ஒண்ணுகூடப் பேச முடியலீங்க!"

ஸ்பீக்கருக்கு எத்தனை வாட்ஸ் என்று கேட்டு வருகிறவர்களிடம், பின் சீட்டில் எத்தனை பேர் பேச உட்காருவார்கள் என்று இப்போதெல்லாம் நான்தான் முதலில் கேட்கிறேன்.