பேர் கொடுத்தவள்

வால்பாறை தேயிலை எஸ்டேட்டில் குடியிருக்கும் வீடு யாருக்கும் சொந்தமில்லை. வீட்டிலிருந்து ஒருவர் பேர் வேலைப் பதிவேட்டில் இருக்கும்வரை இருக்கலாம். பேர் போனால் வீடும் போகும். வரிசையாகக் கட்டிய லயனில் மயிலாத்தாள் பிறந்த வீட்டில் அந்தப் பேர் முப்பத்தெட்டு வருஷமாக அவளுடையது.

அப்பா சின்னான் ஓய்வு பெற்றபோது அவளுக்கு இருபது வயது, தங்கை தெய்வானைக்குப் பதினெட்டு. இருவரில் ஒருத்தி பேர் கொடுத்தாக வேண்டும். தெய்வானைக்கு அப்போதுதான் கோயமுத்தூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் வாய் திறக்குமுன் மயிலாத்தாள், “நான் குடுக்கறேன்” என்றாள். படித்து முடித்து வேலைக்குப் போனதும் தங்கை எல்லோரையும் கீழே அழைத்துக்கொள்வாள் என்று பேச்சு.

சொன்னபடியே மூன்று வருஷம் கழித்து, கோயமுத்தூர் சிங்காநல்லூரில் வீடு பார்த்துவிட்டுத் தெய்வானை வந்து கூப்பிட்டாள். மயிலாத்தாள் போகவில்லை. அப்பாவுக்குக் கீழே வெயில் ஆகாது என்றாள். அப்பா இறந்ததும் அம்மாவைக் காரணம் சொன்னாள். வந்த மாப்பிள்ளைகளையும் அப்படியே திருப்பி அனுப்பினாள். அம்மாவும் போனபின் சொல்லக் காரணம் ஒன்றுமில்லை; அங்கேயே இருந்துகொண்டாள். மழையும் அட்டைக்கடியும் அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் தங்கைக்காகத் தன் வாழ்க்கையைக் கொடுத்தவள் என்று லயனில் அவளைச் சொல்வார்கள். மலை இறங்கினால் அந்தச் சொல் உதிர்ந்துவிடும் என்ற பயம், அது என்ன பயம் என்று தெரியாமலே, அவளுக்குள் இருந்தது.

இந்த வருஷம் ஐம்பத்தெட்டு முடிந்து அவளுக்கும் ஓய்வு வந்தது. காலி செய்ய ஒரு மாதம் என்றார்கள். அதற்குள் வீட்டாள் ஒருத்தர் பேர் கொடுத்தால் இருக்கலாம். யோசித்து யோசித்து அவளுக்கு ஒரு வழி தோன்றியது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சிங்காநல்லூர் போனாள்.

“வாங்க்கா, உக்காருங்க” என்றாள் தெய்வானை. சின்ன வயதில் வாடி போடி என்று சண்டை போட்டவள். சாப்பாடு போட்டாள். கீழ் ரூம் சும்மாதான் கிடக்கிறது, சாமான்களை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றுகூடச் சொன்னாள். மயிலாத்தாள் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கேட்க வந்தது வேறு.

“ரித்திகா பேரைக் குடுத்தா ஊடு நிக்குமாட்ட இருக்குது கண்ணு. பேரு மட்டுந்தான். கொழுந்து நானே பறிச்சுக்கறேன்.”

கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் தெய்வானை மகள் ரித்திகா, உள்ளே இருந்து தலையை நீட்டினாள். “ஏனுங் பெரிம்மா, அங்க வைஃபை இருக்குதுங்களா? அட்டைக்குந்தான் போரடிக்குமல்ல” என்று சிரித்தாள்.

தெய்வானை சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“படிச்சு முடிச்சு வந்து வாசல்ல நின்னேன். நீ வரல. நீ வராததுனால நான் கடங்காரி ஆனேன். எங்க போனாலும், ‘அக்கா பேர் குடுத்ததாலதான் நீ படிச்சே’ன்னாங்க. ஒரு வாய் சோறு நிம்மதியா எறங்குனதில்ல. நாம் பட்டது போதாதா? இப்ப எம் பொண்ணையுங் கேக்கறயா?”

இத்தனை வருஷத்தில் தங்கை அவளிடம் மனசைத் திறந்தது அன்றுதான். அந்த நேரம் ஏதாவது சொல்லியிருக்கலாம். ‘கீழ வரப் பயமா இருந்துச்சு’ என்பது நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் முப்பத்தெட்டு வருஷமும் வேறொன்றாகிவிடும். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள்.

கேட் வரை வந்த தெய்வானை, “பாத்துப் போங்க்கா” என்றாள். கீழ் ரூம் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மாதக் கடைசியில் மயிலாத்தாள் ஆபீஸில் சாவியை வைத்தாள். கிளார்க் கதிர்வேல் காகிதத்தைப் பார்த்தபடியே விலாசம் கேட்டார். தங்கை வீட்டுக்கு எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், கேட் என்ன நிறம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருநாளும் கடிதம் போட்டதில்லை. கதவு எண் தெரியாது. தங்கையைக் கூப்பிட்டுக் கேட்கப் போன் பையில் இருந்தது. பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு லயன் வீட்டு நம்பரைச் சொன்னாள்.

அவர் எழுதினார். பிறகு அதைக் கோடு போட்டு அடித்தார்.

“அது திங்கக்கெழமையிலிருந்து வேறொருத்தருக்குங்கம்மா. இனி இருக்கப்போற விலாசஞ் சொல்லுங்க.”