லூர்துசெல்வி காய்ச்சிய ஹாட் சாக்லேட்

"மல்லாட்டையால உயிர் போவுமா? நீ படிச்ச பொண்ணுதானே, சொல்லு ஜெர்லின்!"

ஆஸ்பத்திரி வாசலில் ஜூட் மாமா என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார். உயிரியல் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தேன். பதில் தெரியவில்லை. அது 2013, கிறிஸ்துமஸ் விடுமுறை.

என் அம்மா லூர்துசெல்வி காணை கிராமத்தில் பிறந்தவள். சொந்த நிலம் கிடையாது. சிறு வயதிலேயே தாயை இழந்து, அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போனாள். கூலியாகக் கிடைத்த காயை அவித்தும் வறுத்தும் கொடுத்துத்தான் தம்பி ஜூட்டை வளர்த்தாள். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும் மண்டியில் மல்லாட்டை பொறுக்கும் வேலைதான். சேலையை உதறினால் சிவப்புத் தோல் பறக்கும்.

அந்த விடுமுறைக்கு மாமாவும் வெனிலா அத்தையும் ஐந்து வயது ஆண்டோவோடு பெங்களூரிலிருந்து வந்தார்கள். ஆண்டோவுக்குப் பனிக்காலமென்றால் ஹாட் சாக்லேட் வேண்டும். டப்பாவோடுதான் வந்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டாள். படித்தேன். முதலில் இருந்தது சர்க்கரை.

"சக்கரைய டப்பால போட்டு வாங்கியாந்து புள்ளைக்குக் கரைச்சிக் குடுக்கிறீங்களா? நான் போடறேன் பாரு" என்றாள் அம்மா.

கோகோ தூள் மட்டும் கடையில் வாங்கினோம். வறுத்த கேப்பை மாவைப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, கோகோ கலந்து காய்ச்சி, இறக்கிய பிறகு பனைவெல்லப் பாகை ஊற்றினாள். ஆண்டோ உதட்டில் மீசையோடு இன்னொரு டம்ளர் கேட்டான்.

அப்போதுதான் வெனிலா அத்தை சொன்னார்: "அண்ணி, எது வேணா குடுங்க, மல்லாட்டை மட்டும் வேணாம். ஒருவாட்டி கடலைமிட்டாய் தின்னு ஒடம்பெல்லாம் தடிச்சிப்போச்சி."

"மல்லாட்டை ஆவாதா? உன் வூட்டுக்காரன் ஒடம்புல ஓடறதே அதாம்மா!"

"அக்கா சொல்றது நெஜம். மூணு வேளையும் அதான்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை ஆண்டோ பாதி டம்ளர்தான் குடித்திருப்பான். இருமினான். உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடித்து, மூச்சு விசில்போல வந்தது. மாமா அவனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஆட்டோ பிடித்துப் போனோம்.

இளைப்பு என்று நினைத்து டாக்டர் அவன் மூக்கில் மருந்துப் புகை வரும் மாஸ்க்கை வைத்தார். மூச்சு அடங்கவில்லை. "கடைசியா என்ன சாப்பிட்டான்?"

"ஹாட் சாக்லேட்தான் டாக்டர். வீட்டுல போட்டது. பால், கேப்பை, பனைவெல்லம். எல்லாம் சுத்தமானது" என்றார் அத்தை.

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்ல."

"இருக்கு." அம்மாவின் குரல். "மல்லாட்டை போட்டேன். வறுத்து அரைச்சி, துணியில வடிகட்டிப் போட்டேன். இவளுக்குத் தெரியாது. புள்ள ஒல்லியா இருக்கான்னு…"

டாக்டர் அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். ஊசி தொடையில் இறங்கியது. எங்களை வெளியே அனுப்பினார்கள். அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பதில் வெளியே வந்த டாக்டரிடமிருந்துதான் கிடைத்தது: "போகும். இன்னும் கொஞ்சம் தாமதமா தெரிஞ்சிருந்தா போயிருக்கும்."

ஆண்டோ பிழைத்தான். அத்தை அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னார்: "இப்ப வாயத் தொறந்தீங்க, புள்ள கெடைச்சான். நான் சொன்னப்ப காதத் தொறந்திருக்கலாமே அண்ணி."



அடுத்த வருடம் அவர்கள் வருவார்கள் என்று நாங்கள் நம்பவில்லை. வந்தார்கள். அம்மா வீட்டிலிருந்த மல்லாட்டையையெல்லாம் வெளியேற்றி, புது மிக்ஸி ஜார் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் சமையலறைப் பக்கமே போகவில்லை.

"அண்ணி, ஆண்டோ கேக்கறான். நீங்களே போடுங்க" என்றார் அத்தை. "நான் பக்கத்துல நிக்கறேன்."

பால், கேப்பை, கோகோ, பனைவெல்லம் என்று ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டிவிட்டே அம்மா போட்டாள்.

இதை எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டபோது, "என் பேரப் போட்டே எழுது" என்றாள். எழுதிவிட்டேன். விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்திறங்கும் வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், அடுப்பு பற்றவைக்கும் முன் அங்கே இதைச் சொல்லிவிடுங்கள்.