கும்மிடிப்பூண்டிக்கு எப்படி வந்தது மெட்ராஸ் பாஷை?

போன செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய் வந்தேன். மிஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட், கிளவுஸ் சப்ளை பண்ணுவது என் தொழில். ஒரு கம்பெனியில் புது ஆர்டர் பேச வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுத உட்கார்ந்தால், கோபம்தான் முதலில் வருகிறது.

பொன்னேரியில் காலை 8.10 வண்டி. டிக்கெட் ஐந்து ரூபாய், இருபது நிமிஷம். என்னோடு தேசப்பன் வந்தான். பக்கத்துத் தெருக்காரன், அதே கம்பெனியில் எட்டு வருஷமாக பிரஸ் மிஷின் ஓட்டுகிறான், கான்ட்ராக்டில். அன்றைக்கு லைன் லீடர் வேலைக்கு இன்டர்வியூ. கிடைத்தால் பர்மனென்ட்.

"சட்டை ஓகேவா பாய்?" என்று வழியெல்லாம் கேட்டான்.

"சட்டைக்கா நைனா வேலை குடுக்கறான்?" என்றேன்.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, மூன்று கிலோமீட்டர், ஆளுக்கு ஐந்து ரூபாய். நம்ம பேச்சுக்கு என்ன பேர் என்று டிரைவரிடம் சும்மா கேட்டு வைத்தேன். "பேச்சுக்கு இன்னா பாய் பேரு? பேசிக்கினு போக வேண்டித்தான்."

நான் காத்திருந்த பெஞ்சுக்கும் இன்டர்வியூ மேஜைக்கும் நடுவில் அரை ஆள் உயரத் தடுப்புதான்.

"லைன்ல பிரச்சனை வந்தா என்ன செய்வீங்க?" என்றார் ஆபீசர்.

"மிஷின ஆஃப் பண்ணிட்டு, இன்னா ஏதுன்னு பாத்துகினு, மெயின்டனன்ஸ கூப்டுவேன் சார்."

சரியான பதில். ஆபீசர் சிரித்தார். "இந்த மெட்ராஸ் பாஷையை வச்சிட்டு கஸ்டமர் விசிட்ல எப்படிப்பா நிப்பே?" கேட்கும்போது 'நீங்க', பதிலைக் கேட்டதும் 'நீ'.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராஸ் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. இங்கே உள்ளவன் சென்ட்ரலுக்குப் போனால் "மெட்ராஸ் போறேன்" என்றுதான் சொல்வான். அவன் பேச்சுக்கு மெட்ராஸ் பெயர் எப்படி வந்தது? நான் நினைப்பது இது. வெளியூர்க்காரன் ரயிலை விட்டு இறங்கியதும் அவன் காதில் விழுந்தது போர்ட்டர், ரிக்‌ஷாக்காரர் பேச்சு. அதற்கு ஊர்ப் பெயரை ஒட்டினான். போகப் போக அந்தப் பெயருக்கு 'மூட்டை தூக்குகிறவன், படிக்காதவன்' என்று அர்த்தம் ஆக்கிவிட்டார்கள். ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றியாச்சு. திட்டுவதற்கு மட்டும் பழைய பெயரே வேண்டியிருக்கிறது. நாஷ்டா உருது, டப்பு தெலுங்கு. ஊருக்கு வந்த சரக்கையெல்லாம் வாங்கிப் போட்ட பேச்சு இது. 'கஸ்டமர் விசிட்' மட்டும் சுத்தத் தமிழா?

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். பெரிய கஸ்டமர் பார்க்க வரும் நாளில் உள்ளூர் ஆட்களைப் பின்பக்க குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். 'நல்லா' பேசுகிறவர்கள் வந்து மிஷின் பக்கத்தில் நிற்பார்கள்.

"லீடர் ஆக்கறேன். விசிட் அன்னிக்கு மட்டும் நீயும் குடோன்ல இரு" என்றார் ஆபீசர்.

"சரி சார்" என்றான் தேசப்பன்.

என் ஆர்டரைப் பேசி முடித்து வெளியே வந்து அவனைப் பிடித்தேன். "இன்னாத்துக்குடா சரின்ன?"

"நீ ஆர்டர வாணாம்னியா பாய்?"

வாங்கித்தான் வந்திருந்தேன். விலையில் ஒரு பைசா இறங்கவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது. "எனக்கும் ஊட்ல பொண்ணு படிக்குது" என்று ஷிஃப்டுக்குப் போய்விட்டான்.

போகிறவர்களுக்கு: மத்தியானம் வண்டி குறைவு, காலையிலேயே வேலையை முடியுங்கள். சிப்காட் உள்ளே நடை அதிகம், தண்ணீர் எடுத்துப் போங்கள். கஸ்டமராகப் போனால் லைனைப் பார்த்ததோடு திரும்பாதீர்கள். பின்பக்க குடோனைத் திறக்கச் சொல்லுங்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் லைன் லீடர்.