ஐயா கேட்ட யன்னல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் டொரொண்டோவின் பார்க்டேலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். மதியமும் மாலையும் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கி, மூன்றாம் மாடியில் அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்போது என்னிடம் இருந்தது தட்டுக் கொடுக்கப் போதுமான ஆங்கிலம். சூடாக இருக்கிறது, உப்புப் போடவில்லை, முடிந்துவிட்டதா. அதற்கு மேல் யாராவது பேச்சுக் கொடுத்தால் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

அந்த மாடியின் கடைசி அறைக்கு ஓர் இலையுதிர் காலத்தில் அவர் வந்தார். எண்பதை நெருங்கிய வயது, அகன்ற தோள்கள், பெரிய கைகள். ஸ்பெயினிலிருந்து வந்து, நகரத்தின் உயரமான கட்டடங்களுக்குக் கொங்கிரீட் ஊற்றியவராம். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் பேசிய ஆங்கிலமும் அதோடு போய்விட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. கோணிய வாயிலிருந்து ஏதேதோ சொற்கள் வந்துகொண்டே இருந்தன. ஸ்பானிஷ் தெரிந்த தாதி ஒருத்தி கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பானிஷ் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் உளறுகிறார்" என்றாள். அவருடைய கோப்பிலும் அப்படியே எழுதினார்கள். மனதுக்குள் நான் அவரை ஐயா என்று கூப்பிட்டேன்.

ஒரு மத்தியானம் சூப்போடு போனபோது அறையில் இரண்டு தாதிமார் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். ஐயா இடக்கையை நீட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள், தட்டிவிட்டார். போர்வை கொடுத்தார்கள், இழுத்து எறிந்தார். பக்கத்தில் அவருடைய மகள் அழுவதற்குத் தயாராக நின்றாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். டொரொண்டோவிலேயே பிறந்தவள், பாடசாலை பஸ் ஓட்டுபவள். அப்பாவுக்கு இருந்த ஒரே பிள்ளை.

"ஷனேலா," என்றார் ஐயா. "ஷனேலா."

நான் தட்டை வைத்துவிட்டுப் போய் யன்னல் திரையை விலக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. யன்னல் என்று யாரோ கேட்டதுபோல் காதில் விழுந்தது, அவ்வளவுதான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஐயா கையைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தூறலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் என்னைத் தாழ்வாரத்தில் மறித்தாள். "அவர் சொன்னது உங்களுக்கு எப்படி விளங்கியது?"

என் ஆங்கிலத்தில் அதை விளக்க முடியவில்லை. "என் பாஷையிலும் அப்படித்தான்" என்று சொல்லிவைத்தேன். இலங்கை எங்கே, ஸ்பெயின் எங்கே என்று அவள் நினைத்திருப்பாள்.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "பறங்கி விட்டிட்டுப் போன சொல்லல்லோ அது. யன்னல், கதிரை, சப்பாத்து எல்லாம் அவங்கடைதான்" என்றார்.

"அந்தாள் போர்த்துக்கீசர் இல்லையப்பா. ஸ்பெயினாம்."

"அப்ப எங்கடை யன்னல் அவரிட்டை எப்பிடிப் போனது? நீர் நாளைக்கு வடிவாய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

நான் கேட்டது மூன்றாம் மாடியைத் துடைக்கும் போர்த்துக்கீசப் பெண்ணிடம். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஐயாவின் கட்டிலருகே குந்தினாள். இருவரும் பேசத் தொடங்கினார்கள். ஐயாவின் இடக்கை ஆடியது, அவள் தலையாட்டினாள், நடுவில் சிரித்தும்விட்டாள். வெளியே வந்து மகளிடம் சொன்னாள்: "உங்கள் அப்பா உளறவில்லை. அவர் பேசுவது ஸ்பெயினின் கலீசியாப் பக்கத்துப் பேச்சு. எங்கள் ஊரிலிருந்து ஆற்றைக் கடந்தால் அவர்கள்தான். எனக்கு முக்கால்வாசி விளங்குகிறது."

மகளுக்கு அந்தப் பெயர் தெரியும். அப்பா பிறந்த கடற்கரைக் கிராமம் கலீசியாவில் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதற்குத் தனியாக ஒரு மொழி இருக்கிறது என்பதும், தன் அப்பாவின் தாய்மொழி அது என்பதும் அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவர் ஸ்பானிஷ்தான் பேசினார்; பாரிசவாதத்தோடு அதுவும் போய்விட்டிருந்தது. அவளுடைய அம்மா ஸ்பெயினின் வேறொரு பகுதி, நகரத்துப் பெண். பிள்ளை பிறந்த புதிதில், அதற்கு முன்னால் மாட்டுக்காரர் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அதை ஐயாவே துடைக்கும் பெண்ணிடம் சொல்லியிருந்தார்.

"என் அப்பா அமைதியான மனிதர் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்," என்றாள் மகள். என் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் தேட ஆரம்பித்தாள். நூலகத்தில் பழைய அகராதி ஒன்றைக் கண்டுபிடித்தாள். துடைக்கும் பெண்ணின் இடைவேளைகளில் அவளோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். சில நாள் என்னையும் கூப்பிடுவாள். "இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?" நாற்காலியைக் காட்டுவாள். கதிரை என்பேன். அகராதியில் கதெய்ரா என்று இருக்கும். மூன்று பேரும் சிரிப்போம்.

இரண்டு கிழமை பயிற்சி செய்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் கையைப் பிடித்து, "அப்பா, நான் உங்களோடு இருக்கிறேன்" என்று அவருடைய மொழியிலேயே சொன்னாள். நான் பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஐயா அவளை உற்றுப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஃபாலா பென்," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒழுங்காகப் பேசு என்று அர்த்தம், துடைக்கும் பெண் பிறகு சொன்னாள். ஸ்பானிஷில் பேசு என்பதைத்தான் அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்களாம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சு வாயில் வந்தால் கையை நீட்டச் சொல்லி அடித்திருக்கிறார்கள். தனக்கு அடி வாங்கித் தந்ததைப் பிள்ளை பேசக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. விசித்திரம் என்னவென்றால், ஒழுங்காகப் பேசு என்று அவர் சொன்னதும் அதே கலீசியப் பேச்சில்தான்.

மகள் தாழ்வாரத்தில் என் சாப்பாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பஸ்ஸில் அவள் பலத்துத் தமிழில் கதைத்தால் "மெல்லக் கதை, சனம் பாக்குது" என்று அதட்டுவது நான்தான். அதை ஐயாவின் மகளிடம் சொன்னேன். அந்த வேலையில் நான் பேசிய மிக நீளமான ஆங்கிலம் அதுதான். இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது. அவள் கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் மகளின் தமிழைத் திருத்தினால் வாயை மூடிக்கொள்வாள்," என்றேன். "இதற்கு இங்கிலீஷில் என்ன என்று நான் அவளிடம் கேட்டால் நிறுத்த மாட்டாள். நீங்கள் அப்பாவோடு பேச வேண்டாம். அவரிடம் கேளுங்கள்."

அடுத்த முறை வந்தபோது அவள் கரண்டியைத் தூக்கிக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்டாள். அவர் வாயைத் திறந்து சூப்புக்குக் காத்திருந்தார். தலையணையைக் காட்டினாள். அவர் யன்னலைப் பார்த்தார். சூப் முடியும் நேரத்தில் அவரே கரண்டியைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, இல்லை, இப்படி என்று நாக்கை எங்கே வைப்பது என்று காட்டினார். கோணிய வாயால் அவர் காட்டியதை அவள் அதே கோணலோடு திருப்பிச் சொன்னதும் ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இது நடந்தது. மழைக்கு மட்டும் அவரிடம் ஏழெட்டுச் சொற்கள் இருந்தன. அன்று யன்னலுக்கு வெளியே பெய்த நுண்ணிய தூறலுக்கு ஒர்பல்யோ என்று பெயர். சொற்கள் நீண்டு கதைகளாயின. படகு கவிழ்ந்த கதை, பக்கத்து வீட்டுக் கழுதையின் கதை. மகளுக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் இடைமறிக்க மாட்டாள். நான் தட்டு எடுக்கப் போனால், "அவர் நிறுத்துவதே இல்லை" என்று என்னிடம் முறைப்பாடு சொல்வதுபோல் சொல்வாள். முகம் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல், தூக்கத்திலேயே ஐயா போய்விட்டார். அடுத்த கிழமை அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்தார்.

கோடையில் மகள் அப்பாவின் கிராமத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது நாங்கள் நகரத்தின் கிழக்குப் பக்கம் டோர்செட் பார்க்குக்கு வீடு மாறியிருந்தோம். தொலைபேசியில் வழி கேட்டுக்கொண்டு பஸ் பிடித்து வந்தாள். இடியப்பமும் சொதியும் வைத்தேன். கையால் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

ஐயாவின் தங்கை அங்கே உயிரோடு இருந்தாராம். வாசலில் வந்து கட்டிப்பிடித்திருக்கிறார். இவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும். அப்போதுதான் தெரிந்ததாம், தனக்குத் தெரிந்ததெல்லாம் நோயாளியின் அறைக்குள் இருந்த சொற்கள் என்று. தலையணையை உயர்த்தவா, குளிர்கிறதா, இன்னும் ஒரு கரண்டி. சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கத் தெரியவில்லை. அதனால், "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுவிட்டாள்.

"மாமி முதலில் சிரித்தாள்," என்றாள். "பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தி, முழங்காலில் தொடங்கினாள். மேசையில் சாப்பாடு ஆறிப்போனது. நான் இரண்டு மாதம் அங்கே இருந்தேன், அவள் இன்னும் முடிக்கவில்லை."

அவள் போன பிறகு அதைக் கணவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் அக்கறையாகக் கேட்டுவிட்டு, "அந்த மனுசிக்கு என்ன வயசாம்?" என்றார்.

"எழுபத்தாறு."

"பின்னை முழங்கால் வலி இருக்கும்தானே," என்றார்.