கந்தக டீச்சர்

பெண்கள் பள்ளியில் அவளைக் 'கந்தக டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். வேதியியல் அவள் பாடம். வாயும் அப்படி, பற்றிக்கொண்டால் அணையாது.

துத்தநாகத் தூளைக் கந்தகத்தோடு கலந்து சூடாக்கிக் காட்டிய அன்று, கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு குப்பென்று பற்றி, ஆய்வகக் கூரையெல்லாம் புகை. மாணவிகள் தள்ளி நின்றிருந்தார்கள், தப்பித்தார்கள். டீச்சரின் இடது புருவம்தான் போனது.

"மூஞ்சியையே கெடுத்துட்டு வந்திருக்கியே!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"புருவம்தானே அத்தை, முளைக்கும்."

"இனிமே இவ கோபப்பட்டா பாதிதான் தெரியும்," என்றான் பஸ் ஓட்டும் கணவன். முறைத்தாள். முழுசாகவே தெரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார். "படத்துல காட்டி நடத்துங்க போதும். பொம்பளப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்த வெடி வேலை? மூஞ்சி கருகினா யாரு கட்டிப்பா?"

அளவு கூடியது தன் தப்பு என்று அவளுக்குத் தெரியும். அதற்குத் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பாள். அந்தக் கடைசிப் பேச்சுதான் சுருக்கென்று தைத்தது.

அந்த வாரமே, சொந்தக் காசில் வாங்கிய பொருள்களும் ஒரு சின்ன அடுப்புமாக வகுப்பை மைதானத்துக்கு நடத்திப் போனாள். மணல் வாளி வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி எல்லோரையும் நிறுத்தினாள். கந்தக ஆவி பட்ட செம்புத் தகடு மெல்லக் கனன்று கறுத்தது. ஆறியதும் அப்பளம் போல நொறுங்கியது. அடுத்து சோதனைக் குழாயில் இரும்புத் தூளும் கந்தகமும். குழாயின் அடியில் சிவப்பு தெரிந்ததுமே அடுப்பை விலக்கினாள். சிவப்போ தானாக மேலே ஏறியது.

தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அணைங்க டீச்சர்! உடனே அணைங்க!"

"தீயை அப்பவே எடுத்துட்டேன் சார். ரெண்டும் சேர ஆரம்பிச்சாச்சு. இனி நான் சொன்னாலும் நிக்காது, நீங்க சொன்னாலும் நிக்காது."

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. "மன்னிப்பு எழுதிக் குடுங்க!"

"அன்னிக்கு அளவு தப்பினதுக்குத் தரேன். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுக்குத் தர மாட்டேன்."

தையல் வகுப்புக்குத் தூக்கிப் போட்டார்கள். தலை நிமிர்ந்தே போனாள். வேதியியல் வகுப்பில் படம் பார்த்துச் சலித்த பெண்கள் வீட்டில் நச்சரிக்க, அம்மாக்கள் கூட்டமாக வந்து தலைமையாசிரியரின் அறைக்குமுன் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆய்வகம் திறந்தது, புகையை இழுக்கும் விசிறியோடு. வேதியியலும் அவளிடமே திரும்பியது.

சாவியை நீட்டிய தலைமையாசிரியர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டவள் நகரவும் இல்லை.

"வகுப்புல எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேணும் சார். எப்ப வரும்?"