நைட்வேர் என்று போட்ட கையெழுத்து

"அம்மிணி, இனிமே எக்ஸ்போர்ட் பேப்பர்ல எல்லாம் நீயே கையெழுத்துப் போட்டுரு" என்று முதலாளி சொன்ன அன்றே எனக்குச் சுருக்கென்றது.

அதுவரை நான் டைப் அடிப்பவள் மட்டும்தான். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. மாடியில் ஜன்னலில்லாத ஓர் அறை, கதவில் 'டாகுமெண்டேஷன்' என்று பலகை. சேவூரிலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து வந்து, எந்தப் பெட்டியில் எத்தனை பீஸ், எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று அடித்துக் கொடுப்பேன். என்ன அடிக்க வேண்டும் என்று சொல்பவர் மானேஜர். அடித்ததில் கையெழுத்துப் போடுபவர் முதலாளி. நான்கு வருஷமாக அப்படித்தான் நடந்தது. இப்போது எதற்கு திடீரென்று நான்?

"நானுங்களா? எதுக்குங்க?"

"நம்பிக்கையான ஆளு வேணுமல்லோ கண்ணு. நான் எந்நேரமும் ஆபீஸ்ல இருக்க முடியுமா?"

அவர் எந்நேரமும் ஆபீஸில்தான் இருந்தார். பேங்கிலிருந்து என் கையெழுத்தை அத்தாட்சி செய்து வாங்கி வந்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். செக்கிங் பெண்கள் மேலே ஏறி வந்து, "என்னக்கா, பெரிய ஆள் ஆயிட்டீங்க" என்று கேலி செய்தார்கள். நான் மிட்டாயைப் பிரிக்காமல் டிராயரில் போட்டு மூடினேன்.

சந்தேகம் என்கூடப் பிறந்தது. பால்காரர் அளக்கும்போது நுரை அடங்கட்டும் என்று சொம்பை எடுக்காமல் நிற்பவள் நான். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் உறையைத் திருப்பிப் பார்ப்பேன், வேறு யாருக்கோ எழுதியதை அடித்துவிட்டு எங்கள் பேரைப் போட்டிருக்கிறார்களா என்று. "நீ போற ஊட்டுல எப்படித்தான் காலந்தள்ளப் போறியோ" என்பது அம்மாவின் தினசரிப் பாட்டு.

விஷயம் என்னவென்றால், அப்போது, அதாவது இரண்டாயிரத்து ஐந்து பிறக்கும்வரை, திருப்பூரில் தைத்ததை நினைத்தபடி கப்பலேற்ற முடியாது. இன்ன நாட்டுக்கு, இன்ன வகை உடுப்பு, இத்தனை பீஸ்தான் போகலாம் என்று உச்சவரம்பு இருந்தது. அதை அரசாங்கம் கம்பெனி கம்பெனியாகப் பிரித்துக் கொடுக்கும். அதற்குப் பெயர் கோட்டா. கோட்டா இல்லாத சரக்கை எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் குடோனில் அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். டி-ஷர்ட் கோட்டாவுக்கு அடிதடி. நைட்வேர் கோட்டாவைச் சீண்ட ஆளில்லை.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து எங்களுக்கு வந்திருந்த ஆர்டர் டி-ஷர்ட். கட்டிங் டேபிளில் அது டி-ஷர்ட், தையலில் டி-ஷர்ட், செக்கிங் பெண்கள் வாயில் டி-ஷர்ட். என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்போது மட்டும் நைட்வேர்.

அதற்கு அடையாளமாகக் கீழ் ஓரத்தில் ஒரு நிலா. எட்டணா அகலத்துக்கு ஒரு பிறை நிலா, பேண்டுக்குள் செருகினால் மறைந்துபோகும் இடத்தில் பிரிண்ட் போட்டிருந்தார்கள். சாம்பிள் பீஸைத் தூக்கிக்கொண்டு மானேஜரிடம் போனேன்.

மானேஜர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேதக்காரர். எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். அதுவே எனக்குப் பிடிக்காது. அதிர்ந்து பேசாதவர்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"இது என்னத்துக்குங்க சார்?"

"பையர் ஓகே சொல்லிட்டான்மா. நிலா இருந்தா அது ராத்திரி உடுப்பு. ஆபீசர் கேட்டா காட்டதுக்கு ஒரு அடையாளம் வேணும்லா."

"பகல்ல போட்டா?"

"அது போடுதவன் பாடு" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பேப்பரைத் தள்ளினார். 'இதில் கண்டவை யாவும் உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதத்தில் அப்படிப் பல பேப்பரில் போட்டேன். ஒவ்வொன்றிலும் போடும்போது ஒரே எண்ணம்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் இதில் முதலாளி பேர் இல்லை, மானேஜர் பேர் இல்லை, என் பேர் மட்டும்தான் இருக்கிறது. கேஸ் என்று வந்தால் கஸ்டம்ஸ்காரன் சேவூருக்கு வந்து எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். இதைத் திட்டம் போட்டுச் செய்ததே மானேஜர்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. முதலாளிக்கு அவ்வளவு மூளை கிடையாது.

மானேஜர் வேறு அடிக்கடி வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று செல்போனில் பேசுவார். நான் அந்தப் பக்கம் போனால் குரலைத் தாழ்த்துவார். பழைய கம்பெனிக்குத் தகவல் போகிறதோ?

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் ஒரு வேலை செய்தேன். கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது. நாளைக்கு யாராவது, "அந்தப் பொண்ணு தானாப் போட்டுச்சு" என்று கையை விரித்தால் காட்டலாமே. ஆபீஸிலேயே ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. ஆனால் அது மானேஜர் மேஜைக்குப் பக்கத்தில். அவர் கண்ணெதிரே எடுக்க நான் என்ன கிறுக்கியா? சாப்பாட்டு நேரத்தில் பேப்பரை டிபன் பையில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன். அந்த மெஷினில் கண்ணாடி கீறியிருந்ததோ என்னவோ, எடுக்கிற ஒவ்வொரு காப்பியிலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு விழும். விழுந்தால் என்ன, எழுத்துத் தெரிந்தால் சரி.

ஒரு நாள் பாதியில் கரண்ட் போனது. இரண்டு தாள் உள்ளே மாட்டிக்கொண்டன. கடைக்காரர் இழுத்தார், கசங்கி வந்தன. அவற்றைக் கீழே இருந்த அட்டைப்பெட்டியில் போட்டார். கரண்ட் வந்ததும் அந்த இரண்டையும் மறுபடி எடுத்துக் கொடுத்தார். ஒரிஜினலையும் காப்பியையும் மூன்று முறை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டுதான் கிளம்பினேன். வீட்டில் ராகி டிரம்முக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிவைத்தேன். "என்னடி அது?" என்ற அம்மாவிடம், "சர்டிபிகேட்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து எங்கள் சரக்கை கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் திறந்து பீஸ் எடுத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டவர் நேரில் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை.

"ஆரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கறான் அம்மிணி. டி-சர்ட்டை நைட்வேர்னு அனுப்பறாங்கன்னு. நம்ம பேப்பரையே காப்பி எடுத்து வெச்சு அனுப்பியிருக்கறான். உள்ளாளுதான். உனக்கு ஆரு மேல சந்தேகம்?"

பயம்தான். ஆனால் வாய் தயாராகத்தான் இருந்தது. "மானேஜர் சார் வேப்பமரத்துக்கிட்ட நின்னு அடிக்கடி போன் பேசறாருங்க. நான் போனா கொரலைக் கொறைச்சுக்கறாருங்க" என்றேன்.

முதலாளி தலையை ஆட்டினார். "நானும் அதைத்தான் நெனைச்சேன். வேற கம்பெனில இருந்து வந்தவனல்லோ."

மறுநாள் கஸ்டம்ஸ் ஆபீஸ். ஆபீசர் கோபக்காரராக இருப்பார் என்று நினைத்துப் போனேன். சாதுவாக இருந்தார், டீ வேண்டுமா என்று கேட்டார். மேஜைமேல் எங்கள் பீஸை விரித்தார். நிலாவைத் தேடிக் கண்டுபிடிக்கவே அவருக்குச் சற்று நேரமானது.

"இதைப் போட்டுக்கிட்டு யாராவது தூங்குவாங்களாம்மா?"

"எங்க ஊட்டுல எல்லாரும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறோமுங்க சார். ரிஜெக்ட் பீஸ் தருவாங்க."

"காலையில?"

"காலையில எங்கப்பா அதையே போட்டுக்கிட்டுக் காட்டுக்குத் தண்ணி கட்டப் போயிருவாருங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மொட்டைக் கடிதம் டைப் அடித்திருந்தது. பின்னால் எங்கள் பேப்பரின் காப்பி இரண்டு.

"இது உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். அதன் பக்கத்தில், வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு. இரண்டு தாளும் குறுக்கே கசங்கி, நீவிவிட்டதுபோல இருந்தன. மெஷினில் மாட்டிக்கொண்ட அதே இரண்டு தாள்.

"இது எப்படிம்மா வெளிய போச்சு?"

"தெரியலீங்க சார்" என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில் ஜெராக்ஸ் கடையில் இறங்கினேன். அட்டைப்பெட்டி அங்கேயே இருந்தது. மேலாக வேறு ஏதோ கம்பெனியின் பேக்கிங் லிஸ்ட் கிடந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "வேணும்னா எடுத்துக்குங்க அக்கா, பின்பக்கம் எழுதறதுக்கு நெறையப் பேரு வந்து எடுத்துட்டுப் போறாங்க" என்றார் கடைக்காரர். என்னைப்போல எத்தனை புத்திசாலிகள் அந்தப் பெட்டியை நிரப்பினார்களோ தெரியவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிடுவது என்று அங்கிருந்து கம்பெனிக்கு நடக்கும்போது முடிவு செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மாடி ஏறியதும் அவர் முந்திக்கொண்டார். "நீ சொன்னது செரிதான் அம்மிணி. அவனேதான். வெளிய அனுப்பிரலாம்னு இருக்கேன்." நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் நினைத்தேன். என்னை நானே அவ்வளவு வெறுத்தது அந்தப் பத்து நாளில்தான்.

அதற்குள் மானேஜரையும் கஸ்டம்ஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதன்பின் என்னை யாரும் கூப்பிடவில்லை. டி-ஷர்ட் கோட்டாவை வேறொரு கம்பெனியிடம் கூடுதல் விலைக்கு வாங்கிச் சரக்கை அனுப்பினோம். எங்கள் மானேஜர்தான் தவறாக வழிநடத்திவிட்டார், அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் போனது. அதை அடித்தவள் நான். கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

அடுத்த வருஷம் கோட்டாவே ஒழிந்துபோனது. யாரும் எதையும் எங்கேயும் அனுப்பலாம் என்றாகிவிட்டது. அதே பையர் மறுபடி அதே டி-ஷர்ட் கேட்டு எழுதினான், அந்த நிலாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் நான் மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கிளம்பிய நாளைச் சொல்லிவிடுகிறேன். டிபன் கேரியரையும், மேஜை டிராயரில் வைத்திருந்த பைபிளையும் ஒரு கட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன்.

"பயப்படாதீங்க. உங்க மேல ஒண்ணும் வராது" என்றார். "நான் எழுதச் சொன்னேன், நீங்க எழுதுனீங்க. அதத்தான் ஆபீசர்ட்ட சொன்னேன்."

"எதுக்குங்க சார் அப்படிச் சொன்னீங்க?" அப்போதும் எனக்குச் சந்தேகம்தான், இதில் அவருக்கு என்ன லாபம் என்று.

"உள்ளதத்தான சொன்னேன்?"

அவர் செல்போன் அடித்தது. எடுத்து, "அழாதம்மா, அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லி வைத்தார். "மக. நாகர்கோவில்ல நர்சிங் படிக்கா. இந்தக் கட்டடத்துக்குள்ள டவர் ஒழுங்காக் கிடைக்காதுல்லா, மரத்தடிக்குத்தான் போகணும். அவ அழுவா, நான் சத்தமாப் பேசுனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்று சிரித்தார்.

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது.

இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. மொதலாளிமார நம்பாதீங்க. எதுல கையெழுத்துப் போட்டாலும் ஒரு காப்பி எடுத்து வீட்டுல வச்சுக்கிடுங்க." தன் மேஜைப் பக்கத்து மெஷினைக் கையால் காட்டினார். "அதுலயே எடுக்கலாம். நானே எடுத்துத் தந்திருப்பேன், நீங்க கேக்கல."

"செரிங்க சார்" என்றேன்.