கயிற்றுக்குள் ஒரு கடற்கரை

திண்டுக்கல்லில் மதுரை ரயில் ஏறியபோது ஓர் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெயில் தின்ற முகம். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. நான் தின்று முடித்த முறுக்குப் பாக்கெட்டை வாங்கித் திருப்பி, எந்த ஊரில் செய்தது என்று படித்துப் பார்த்தார்.

"பழக்கம் விடமாட்டேங்குது, தங்கச்சி" என்று சிரித்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ராமேஸ்வரம் பக்கம் போவாராம். மணலில் எப்போதும் ஒரே இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் ஒதுங்கிய பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, வகையும் ஊரும் பார்த்துப் பிரித்து எண்ணி, போனில் பதிந்து ஆய்வு செய்கிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். குப்பை கூடுகிறதா குறைகிறதா என்று அதை வைத்துத்தான் தெரியுமாம். இருவர் செய்கிற வேலை. கூட வந்தவர் ஊர் மாறிவிட்டார். முழங்கால் வலியோடு இனித் தனியாக முடியாது, துணை கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் கைவிட வேண்டியதுதான் என்றார்.

"நீ வாரியா?"

"நான் கடலையே பாத்ததில்லக்கா."

"நான் மட்டும் பாத்துக் கிழிச்சேனாக்கும்? இம்புட்டு வருசமாப் போறேன், குனிஞ்ச தலை நிமிரல. அலைச் சத்தம் மட்டுந்தான் கேக்கும். நீ கூட வந்தா, செத்த நேரம் நிமிந்து பாப்பேன்."

வாரேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மதுரையில் இறங்கியதும் அவர் ராமேஸ்வரம் வண்டியைப் பிடிக்க நொண்டியபடியே விரைந்துவிட்டார்.

துணை கிடைத்ததா, தெரியவில்லை. கடலைப் பார்க்க எனக்கு ஆசைதான். அதைவிட, அவர் நிமிர்ந்து அதைப் பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசை.